இரு நகரங்களும் ஒரு காய்ச்சலும்

தடிமன் காய்ச்சல் என்றால் கசாயமும் படுக்கையும் போதும் என்று எண்ணுவது மக்கள் வழக்கம். ஆயினும் 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் ஐந்து கோடி மக்களைப் பலிகொண்டது எனக் கணக்கிடுவோரும் உளர். அன்று அதற்குத் தக்க மருந்தில்லை. நோயை விளைவித்த வைரசையும் எவரும் அறிந்திலர். அத்தகைய வேளையில் ஒரு நகரம் தன் மக்களைக் காப்பது எங்ஙனம்? அமெரிக்க நாட்டின் இரு நகரங்களின் வரலாறு இதற்கு விடை பகரும்.

1918 செப்டெம்பர் 28ஆம் திகதி, போர்க்கடன் பத்திரங்களை விற்கும் பொருட்டுப் பிலடெல்பியாவில் ஒரு பெரும் ஊர்வலம் நடைபெற்றது. காய்ச்சல் நகரினுள் ஏற்கெனவே புகுந்திருந்தது. ஊர்வலத்தை நிறுத்துமாறு வைத்தியர் சிலர் வேண்டினர், அது செவியேறவில்லை. ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் வீதியிலே நெருங்கி நின்றனர். சில நாட்களுள் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. பாடசாலைகளும் அரங்குகளும் மூடப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. சில வாரங்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். சவப்பெட்டிக்கும் பஞ்சம் உண்டாயிற்று.

செயின்ற் லூயிஸ் நகரின் சுகாதார ஆணையாளரான வைத்தியர் மக்ஸ் ஸ்ரார்க்லொவ் வேறு வழியை நாடினார். நோயாளர் விபரத்தை உடனுக்குடன் அறிவிக்குமாறு வைத்தியர்களைப் பணித்தார். ஒக்டோபர் முதல் வாரத்தில் நோய் தலைகாட்டியதும், நகரபிதாவின் ஆதரவுடன் படமாளிகைகள், பாடசாலைகள், தேவாலயங்கள் ஆகியவற்றை மூடுவித்தார். வணிகர் முறையிட்டனர், அவர் தளர்ந்தாரில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் மோட்டார்ப் பிரிவினர் நோயாளரை ஏற்றிச்செல்ல ஆயத்தமாய் நின்றனர். தாதியர் வீடு தேடிச் சென்றனர். அறிவிப்போர், ஆணையிடுவோர், பராமரிப்போர் யாவரும் ஒரே ஒழுங்கில் இயங்கினர். மக்கள் தொகையோடு ஒப்பிடுமிடத்து, அங்கு மாண்டோர் பிலடெல்பியாவில் மாண்டோரிற் பாதியளவினரே.

ஆனால் நவெம்பர் நடுப்பகுதியிற் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் நோய் மீண்டும் ஏறியது. மாத முடிவில் அவற்றைத் திரும்பவும் விதிக்க நேர்ந்தது. தொடங்குவதிற் போலவே முடிப்பதிலும் நிதானம் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

2007ஆம் ஆண்டில் ஆய்வாளர் 43 அமெரிக்க நகரங்களின் பதிவுகளை ஒப்புநோக்கினர். காலந்தாழ்த்தாது பல நடவடிக்கைகளை ஒருங்கே மேற்கொண்டு, நீண்ட நாள் நிலைநிறுத்திய நகரங்களிலேயே உயிரிழப்புக் குறைந்திருந்தது.

இன்று தடுப்பூசி உண்டு. எனினும் அது ஆயத்தமாவதற்கு மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் மக்களைக் காப்பது, வைத்தியசாலைகளும் நகரசபையும் பொதுமக்களும் கொள்ளும் ஒத்துழைப்பே. ஓர் ஊர்வலத்தை நிறுத்துவதால் வரும் மனக்குறை சில நாளில் ஆறிவிடும். போன உயிர்களோ மீளமாட்டா.