அடைமழையும் நைட் ஷிஃப்டும்



ஒருவர் நாயை எப்படி வளர்க்கிறார் என்று தெரியவேண்டுமானால் அவர் வீட்டுக்குச் சித்திரையில் போய்ப் பயனில்லை. ஐப்பசியில் போகவேண்டும். மூன்று நாள் மழை விடாமல் அடித்து, கொடியில் போட்ட துணி காயாமல் வீச்சமெடுத்து, வாசலெல்லாம் சேறாகிக் கிடக்கும் வாரம் அது. அந்த வாரத்தில் நாய் எங்கே படுத்திருக்கிறது, அதன் விரல் இடுக்கில் தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். நாய் வளர்ப்பு ஒரு கலை என்றால் அதன் அரங்கேற்றம் அடைமழையில்தான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைப் பகுதியில் அந்தக் கலை எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன்பின் வந்த தொழிற்சாலைகளும் சேர்ந்து இந்த ஊர்களின் நேரத்தையே மாற்றிவிட்டன. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று வாரத்துக்கு வாரம் ஆளின் தூக்கம் இடம் மாறும். நாயின் வயிறு மாறாது. ஆறு மணிக்கு வெளியே போகப் பழகிய நாய், நீங்கள் நைட் முடித்து எட்டரைக்குத்தான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவீர்கள் என்றால் ஒத்துக்கொள்ளுமா?

மழையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். பல நாய்கள் ஈரத் தரையில் கால் வைக்காது. வாசல்வரை வந்து, வானத்தைப் பார்த்து, உங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடும். கனமழை தரையிலிருந்த பழைய மூத்திர வாடையையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுவதால், வெளியே இழுத்து வந்தாலும் தன் இடம் எதுவென்று முகர்ந்து முகர்ந்து தேடும். பொறுமையில்லாதவர் இங்கேதான் தோற்கிறார். மாடிப்படிக்குக் கீழேயோ ஷெட்டின் ஓரத்திலோ நனையாத மண் கொஞ்சம் இருக்கும் இடத்தைக் கோடையிலேயே பழக்கிவைத்தவர் தப்பிக்கிறார்.

இதில் குடும்பங்களைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் பையன்களின் அறைகளுக்கே நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். ஆச்சரியப்படவேண்டாம். ஒருவன் ஏ ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருவன் நைட் முடித்து வருகிறான். லைனில் வேலையை ஒப்படைப்பதைப் போலவே, நாய் தின்றதா, வெளியே போனதா என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போகிறான். வீட்டு உரிமையாளர் நாய்க்குச் சம்மதிக்கவேண்டும், அது ஒன்றுதான் அவர்களுக்குத் தடை.

அடுத்தது துவட்டுவது. இந்தக் கலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நனைந்த நாய் உடம்பைச் சிலுப்புவதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் டேவிட் ஹூவும் அவருடைய குழுவினரும் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2012இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பெரிய நாய் நொடிக்கு நாலைந்து முறை உடம்பைத் திருப்புகிறது. சுண்டெலி முப்பது முறை வரை போகிறது. உடல் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுகிறது. அவர்கள் சொன்ன ஒரு கணக்கு முக்கியமானது. சுமார் 27 கிலோ எடையுள்ள நாயின் ரோமத்தில் அரைக்கிலோ அளவுக்குத் தண்ணீர் நின்றுவிட்டால், அது தானாகக் காய்வதற்கு நாயின் ஒரு நாள் உணவுச் சத்தில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். சிலுப்பல் சேட்டையல்ல, சிக்கனம். சுவரெல்லாம் தெறிக்கிறதே என்று அதட்டாதீர்கள். முதலில் சிலுப்பவிட்டு, பிறகு துவட்டுங்கள்.

துவட்டுவதற்கு விலை உயர்ந்த டவல் வேண்டாம். பழைய பருத்தி லுங்கி நாலு துண்டு போதும். ஈரத்தை உடனே இழுக்கும், மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காயும். முதுகை எல்லோரும் துடைக்கிறார்கள். விரல் இடுக்கு, அக்குள், தொங்கும் காதின் உட்புறம் ஆகிய மூன்றையும் துடைக்கிறவரே தேர்ந்தவர். பூஞ்சையும் சீழும் அங்கேதான் தொடங்குகின்றன. உண்ணியையும் மறக்கவேண்டாம். அது நாயின் மேல் மட்டும் இல்லை. இறங்கிப்போய்ச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சு.

எந்த நாய் என்பதிலும் இந்தப் பகுதியின் ரசனை எனக்கு உடன்பாடில்லை. முதல் போனஸில் ஹஸ்கி வாங்குகிறார்கள். பனிக்காக இரட்டை ரோமம் வளர்த்த இனம் அது. பத்துக்குப் பத்து அறையில், ஷீட் கூரைக்குக் கீழே, கார்த்திகை ஈரத்தில் அது படும் பாடு பார்க்கச் சகிக்காது. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த ராஜபாளையத்தின் குட்டை ரோமமும், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றின் குட்டை ரோமமும் சீக்கிரம் காயும். ஆனால் இவை ஓட்டத்துக்குப் பிறந்தவை, அறைக்குள் அடங்காது. ஆகவே என் ஓட்டு தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குத்தான்.

இது ஏரிகளின் பூமி என்பதையும் நினைவில் வையுங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவானது. தண்ணீர் ஏறும்போது கட்டிப்போட்ட நாயால் நீந்தமுடியாது. சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போகவேண்டும். வெள்ளம் வராவிட்டாலும், எலி மூத்திரம் கலந்து தேங்கிய தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், செருப்புக்காலோடு நடக்கும் நமக்கும் வரும். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் மருந்து உண்டு. வெறிநாய்க்கடிக்கான ஊசி தனி.

கடைசியாக, கேட் நாய்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் பல கம்பெனி வாசல்களில் நாலைந்து நாய்கள் இருக்கும். செக்யூரிட்டி அண்ணன் கேன்டீனில் மிஞ்சிய சோற்றில் முட்டையைப் பிசைந்து வைப்பார். மழை வலுத்தால் தன் காவல் கூண்டுக்குள் சாக்கு விரித்து இடம் கொடுப்பார். அந்த நாய்களுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. ஆனாலும் அடைமழையில் நாயைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் இந்தப் பகுதியில் அவருக்கே அதிகம். ஒரே குறை, ஊசி. சோறு போடும் கை ஊசியை நினைப்பதில்லை, அவர் சம்பளத்துக்கு அது கட்டுப்படியும் ஆகாது. அந்தச் செலவு கம்பெனியுடையது. ஒரு கேட்டில் ஐந்து நாய் என்றால், கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து போட்டு முடிக்க அரைநாள் போதும். ஐப்பசி வரை காத்திருக்காமல் புரட்டாசியிலேயே அவரை வரவழைத்துவிடலாம்.