எரிமக்கலமும் அதன் தமிழ்ப்பெயரும்

(நெமிலிச்சேரித் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

2016-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வருதா புயல் சென்னையைக் கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கம்பிகள் தெருவில் அறுந்து கிடந்தன. புறநகர் ஊர்கள் பல நாள்கணக்கில் இருளில் மூழ்கின. 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் மிக்சாம் புயல் மழையைக் கொட்டிய போதும் வெள்ளம் ஒருபுறம், இருள் ஒருபுறம் என மக்கள் அல்லற்பட்டனர்.

அத்தகைய இரவில் ஓர் ஊரில் நிகழ்வது யாது? பொருள் படைத்தவர் மனையில் டீசல் மின்னாக்கி உறுமுகிறது. நடுத்தர வீட்டில் மின்சேமக்கலம் சில மணிநேரம் தாங்கிப் பின் ஓய்கிறது. குடிக்கூலி அறையில் வாழும் தொழிலாளிக்கு மெழுகுத்திரிதான் விளக்கு. உயிர்வளிக் கருவியை நம்பிப் படுத்திருக்கும் முதியவர்க்கும், குளிர்ப்பெட்டியில் வைத்த மருந்தை நம்பி வாழும் நோயாளிக்கும் அந்த இரவு வெறும் இருள் அன்று. அஃது உயிர்ச் சிக்கல்.

கையில் தூக்கிச் செல்லத்தக்கதாய், ஓசையின்றி, புகையின்றி, இரவு முழுதும் மின்சாரம் தரும் ஒரு கருவி உண்டா? உண்டு. அதன் பெயர் எரிமக்கலம். எரிபொருள் மின்கலம் என்றும் வழங்குவர். இவ்வுரை அக்கருவியைப் பற்றியது. அதைவிட, அக்கருவியைத் தமிழன் என்ன பெயரிட்டு, எப்படி அறிந்து கைக்கொள்ளப் போகிறான் என்பதைப் பற்றியது.

முதலில் கருவி. எரிமம் என்றால் எரிதற்குரிய பொருள். ஆனால் எரிமக்கலத்தினுள் தீ இல்லை; சுடர் இல்லை; சுழலும் உருளையும் இல்லை. டீசல் மின்னாக்கி எரிமத்தை எரித்து வெப்பமாக்கி, வெப்பத்தைச் சுழற்சியாக்கி, சுழற்சியை மின்னாக்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கழிகிறது. எரிமக்கலமோ எரிமத்தின் ஆற்றலை நேரே மின்னாக மாற்றுகிறது. மின்சேமக்கலத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சேமக்கலம் தன்னுள் அடைத்ததை மட்டுமே தரும்; தீர்ந்தால் மீண்டும் மின்னூட்ட வேண்டும். எரிமக்கலத்துக்கு எரிமம் ஊற்ற ஊற்ற மின் வரும். முன்னது நீர்த்தொட்டி, பின்னது ஊற்று.

அது வேலை செய்யும் முறை எளிதே. நடுவே மெல்லியதொரு படலம். அதன் இருபுறமும் பிளாட்டினத் துகள் பூசிய மின்முனைகள். ஒருபுறம் நீரகம் என்னும் வளி செல்கிறது. பிளாட்டினம் அதன் அணுவைப் பிளக்கிறது. நேர்மின் துகள் ஒன்று, எதிர்மின் துகள் ஒன்று. படலமோ கண்டிப்பான வாயிற்காவலன். நேர்மின் துகளை மட்டுமே உள்ளே விடும். எதிர்மின் துகள் வெளிக் கம்பியைச் சுற்றிக்கொண்டுதான் மறுபுறம் போக வேண்டும். அந்தச் சுற்றுப்பயணமே மின்னோட்டம்! மறுபுறத்தில் இரண்டும் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி நீராகின்றன. ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட்டு மட்டுமே. ஆகவே இருபது கலங்களைத் தோசையடுக்குப் போல் அடுக்கினால் 12 வோல்ட்டு கிடைக்கும்.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 'ஹைட்ரசன்' என்று மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அச்சொல் எதையும் உணர்த்துவதில்லை. 'நீரகம்' என்று சொன்னால், நீரைத் தன்னகத்தே கொண்டது, நீராவதற்குரியது என்று சொல்லே கற்பிக்கிறது. எரிமக்கலத்தின் வாயிலில் சொட்டுவது ஏன் நீர் என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. நல்ல பெயர் பாதி ஆசான்.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. 1839-ஆம் ஆண்டிலேயே வில்லியம் குரோவ் என்னும் வேல்சு நாட்டு அறிஞர் இதன் அடிப்படையைச் செய்து காட்டினார். ஆனால் நூறாண்டுக்கு மேல் அஃது ஆய்வுக்கூட வியப்பாகவே கிடந்தது. 1959-இல் பிரான்சிசு பேக்கன் என்னும் ஆங்கிலப் பொறிஞர் 5 கிலோவாட்டு எரிமக்கலத்தை இயக்கிக் காட்டினார். 1965-இல் செமினி-5 என்னும் விண்கலம் எரிமக்கலத்தைச் சுமந்து சென்றது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்கள் அதனால்தான் மின் பெற்றன; அது தந்த நீரையே விண்ணவர் பருகினர். 2024 சனவரி முதல் நாள் பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற பி.எசு.எல்.வி. சி-58 ஏவுகலத்தின் மேற்பகுதியிலும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஓர் எரிமக்கலத்தை ஆய்ந்தது. அது 180 வாட்டு மின் தந்தது.

விண்ணில் சென்றது வீட்டுக்கு வருவது எப்போது? இங்குதான் தடை நிற்கிறது. நீரகம் மிக மெல்லிய வளி. அதனை மிகுந்த அழுத்தத்தில் உருளையில் அடைக்க வேண்டும். தெருத்தெருவாய் அதனை விற்பார் இல்லை. ஆகவே கையடக்கக் கருவி செய்வோர் நீர்மமாய் இருக்கும் ஓர் எரிமத்தை நாடினர். அதுவே மெத்தனால். நீரோடு கலந்து கலத்தினுள் செலுத்தினால் அது நேரே மின்னாக மாறும். கழிவாக நீரும் சிறிது கரிவளியும் வரும்.

அதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். இத்தகைய கருவிகள் ஓர் இலிட்டர் மெத்தனாலில் ஏறத்தாழ ஓர் அலகு மின் தருகின்றன. 20 வாட்டு விளக்கொன்று 50 மணிநேரம் எரிய அது போதும். வீடுகளில் வைக்கும் 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணிச் சேமக்கலம் நிறைந்திருக்கும் போது கொண்டிருப்பது 1.8 அலகு; அதன் எடையோ பெரும்பாலும் 50 கிலோவை ஒட்டியிருக்கும். அதே மின்னைத் தர இரண்டு இலிட்டர் மெத்தனால் போதும். அதன் எடை 1.6 கிலோதான். போர்வீரர்களும், மலைமேல் நிறுவப்பெற்ற கண்காணிப்புக் கருவிகளும், நெடுநாள் ஆளில்லா இடத்தில் நிற்கும் நிலையங்களும் இதனை நாடுவது இதனால்தான்.

ஆயினும் மிகைபடக் கூறுதல் தமிழுக்கு அழகன்று. இக்கருவிகள் சில பத்து வாட்டு முதல் சில நூறு வாட்டு வரைதான் தரும். நீரேற்றும் பொறியை இயக்கா. பிளாட்டினம் விலை மிக்கது. 2009-இல் சப்பானின் தோசிபா நிறுவனம் கைப்பேசிக்கு மின்னூட்டும் மெத்தனால் எரிமக்கலத்தை 3,000 மட்டும் செய்து விற்றது, அது பெருவழக்காகவில்லை. இலித்தியச் சேமக்கலங்களின் விலை வீழ்ந்தமை இதற்கொரு பெருந்தடை. இந்தியா தன் மெத்தனால் தேவையில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆகவே எங்கும் எதற்கும் எரிமக்கலம் என்பார் வணிகர். குறைந்த மின், நெடுநேரம், கதிரொளி இல்லாத மழைநாள். இம்மூன்றும் கூடுமிடத்தில் எரிமக்கலம் என்பதே உண்மை.

இவ்வறிவு தமிழ்நிலத்துக்கு அயலானதா? அன்று. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருவாவும் ஈந்தமையால் 1948-இல் கால்கோள் கொண்டு, 1953-இல் திறக்கப்பெற்றது நடுவண் மின்வேதியியல் ஆய்வகம். மின்னும் வேதியியலும் கூடுமிடத்தை ஆய்வதே அதன் தொழில். எரிமக்கலம் அத்தொழிலின் நேர்மகவு. சென்னைத் தரமணியில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பூங்காவில், எரிமக்கலத்துக்கென்றே ஒரு தனி நடுவம் இயங்குகிறது. 2019 செப்தம்பர் 26-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தில்லியில் திரைநீக்கிய 5 கிலோவாட்டு எரிமக்கலத்தின் ஆக்கத்தில் காரைக்குடி ஆய்வகத்துக்கும் பங்குண்டு. அது மெத்தனாலாலும் இயங்கவல்லது. 2025 சூலை 25-ஆம் நாள், ஐ.சி.எஃப். என மக்கள் வழங்கும் சென்னைத் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகத்தில் நீரகத்தால் ஓடும் தொடர்வண்டியின் பெட்டி ஆய்ந்து பார்க்கப்பெற்றது. நெமிலிச்சேரி வழியே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையின் அருகில்தான் அத்தொழிலகமும் உள்ளது.

அறிவு இவ்வளவு அருகில் இருக்கிறது. ஆனால் அஃது எந்த மொழியில் இருக்கிறது? ஆய்வேடு ஆங்கிலத்தில், கையேடு ஆங்கிலத்தில், கலத்தின் மேல் ஒட்டிய தாள் ஆங்கிலத்தில். அதைத் தூக்குபவன், திறப்பவன், ஊற்றுபவன், பழுது பார்ப்பவன் தமிழன். இந்த இடைவெளியில்தான் இடர் உறங்குகிறது.

பெருமக்களே! மெத்தனால் கொடிய நஞ்சு. பார்வைக்கு நீர் போன்றது; மணத்தால் குடிக்கும் சாராயத்தை ஒத்தது. உடலுக்குள் சென்றதும் ஈரல் அதனை எறும்புப் புளியமாக மாற்றுகிறது. அப்புளியம் கண்ணரம்பைக் கெடுக்கிறது. பத்து மில்லி இலிட்டரே கண்ணைப் பறிக்கக்கூடும். முப்பது மில்லி இலிட்டர் உயிரையே பறிக்கக்கூடும். 2023 மே திங்களில் மரக்காணத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனாலே. மாண்டவருட் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து உண்ட ஏழைகள். தொழிலகத்துக்குரிய நச்சுப்பொருள் குடிப்பாருக்கு விற்கப்பட்டது. விற்றவனின் கொடுமைக்கு மன்னிப்பில்லை. ஆனால் அப்பொருளின் பெயர் என்ன என்று தமிழ்மக்களுக்கு யாரேனும் முன்னமே சொல்லிவைத்தனரா?

சொல்லியது உண்டு. ஆனால் சொன்ன சொல்லே தவறிற்று! தமிழில் வேதியியல் எழுதியோர் மெத்தனாலுக்கு இட்ட பெயர் 'மரச்சாராயம்'. மரத்தை வாட்டி வடித்தமையால் வந்த பெயர். ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்த பெயர். சொல்லமைப்பில் குற்றமில்லை, பொருளில் கொலை இருக்கிறது. 'சாராயம்' என்ற சொல்லைக் கேட்ட எளிய தமிழன் என்ன எண்ணுவான்? பனங்கள், தென்னங்கள் போல, மரத்திலிருந்து இறக்கிய ஒரு குடி என்றன்றோ எண்ணுவான்! மெத்தனால் என்ற அயற்சொல் ஒன்றும் சொல்லாமல் விட்டது. மரச்சாராயம் என்ற சொல்லோ தவறானதைச் சொல்லிவிட்டது. பிறமொழிச் சொல்லை நீக்கியதோடு தனித்தமிழன்பரின் கடமை முடிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தூய சொல்லாய் இருந்தால் மட்டும் போதாது; உயிர்காக்கும் சொல்லாயும் இருக்க வேண்டும்.

ஆகவே இப்பொருளின் பெயரிலிருந்து சாராயம் என்னும் சொல் அடியோடு நீக்கப்பெற வேண்டும். 'நச்செரிமம்' என்று அதனை வழங்கலாம். எரிமம் என்பதால் இதன் பயன் விளங்கும். நச்சு என்பதால் இதன் தன்மை விளங்கும். படிப்பறியாத தாயும் அச்சொல்லைக் கேட்ட அளவிலே பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் கலத்தை வைப்பாள். கலத்தின் மேல் கொட்டை எழுத்தில் மூன்று தொடர்கள் போதும்: 'நச்செரிமம். குடித்தால் கண் போகும், உயிர் போகும். தோலில் பட்டால் உடனே கழுவுக.'

நீரகக் கலத்துக்கும் இதே முறை வேண்டும். நீரகத்துக்கு நிறமில்லை, மணமில்லை, எரியும் சுடரும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே பற்றக்கூடும். வீட்டு அடுப்பு வளி கசிந்தால் மூக்கு எச்சரிக்கும்; நீரகம் கசிந்தால் மூக்கு எச்சரிக்காது. கருவியின் மேல் எழுதிய சொல்தான் எச்சரிக்க வேண்டும். அச்சொல் படிப்பவனின் மொழியில் இல்லையெனில் எழுதியும் எழுதாததே.

இப்பணியைச் செய்ய வேண்டியவர் யாவர்? பெரும்புலவர் மட்டும் அல்லர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பிடிப்பவர், ஆவடி ஊர்தித் தொழிலகங்களில் பொறி பூட்டுபவர், தெருமுனையில் சேமக்கலம் பழுது பார்ப்பவர். இவர்களே ஒரு கருவிக்கு உண்மையில் பெயரிடுவோர். புலவர் ஆக்கிய சொல்லை அவர்கள் வாய் ஏற்றால் அது வாழும். ஏற்காவிடின் அகரமுதலியில் உறங்கும். ஆகவே புலவர் பட்டறைக்குச் செல்ல வேண்டும். பட்டறையார் புலவரை அழைக்க வேண்டும். படலம், மின்முனை, அடுக்கு, நச்செரிமம், நீரகம், கரிவளி என்று பத்துப் பன்னிரண்டு சொற்களில் ஒரு சிறு கையேடு எழுதிவிட்டால், கருவி வருமுன்பே அறிவு வந்து காத்திருக்கும்.

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஊர் திருநின்றவூர். அவ்வூர்ப் பூசலார் கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. கோயில் கட்டப் பொருள் இல்லை. ஆகவே அவர் உள்ளத்திலேயே கடைக்கால் இட்டு, கல் அடுக்கி, கொடுமுடி வரை எழுப்பினார். பொருள் இல்லாமையை அவர் செயலின்மைக்கு ஏதுவாக்கவில்லை. அவர் உள்ளத்தில் ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்தில் இருந்தது.

இன்று எரிமக்கலம் விலைமிக்கது. எளியோர் கைக்கு எட்டாதது. அதுவரை தமிழர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அக்கருவியை உறுப்புறுப்பாய்த் தம் மொழியில் தம் உள்ளத்தில் கட்டி வைத்தல். அவ்வாறு கட்டி வைத்தவன் அது கைக்கு வரும்போது ஏமாறமாட்டான்; வாங்கியதைச் செப்பனிடுவான்; செப்பனிட்டதைச் செய்வான். கட்டி வைக்காதவனுக்கோ, புயலடித்த இருளில் வாயிலுக்கு வரும் கலமும் மூடியிட்ட நஞ்சுதான்.

கருவி எங்கிருந்து வரினும் வருக. அதன்மேல் எழுதும் பெயர் தமிழாய் இருக்க! அத்தமிழ் உயிர் காப்பதாய் இருக்க!