பசை வாங்கும்போது கவனிங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எங்க குழுவில் மணைப்பலகை, மர பொம்மை செய்கிறோம். ஆரம்பத்தில், சீக்கிரம் ஒட்டுதேன்னு மைக்கா ஒட்டுற மஞ்சள் ரப்பர் பசையையே எல்லாத்துக்கும் பூசினோம். ஒரு மழைநாளில் கதவைச் சாத்திக்கிட்டு வேலை செய்தோம். இரண்டு பேருக்குத் தலை சுற்றி வாந்தி வந்திருச்சு. பக்கத்து அறையிலோ அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்தது! அந்தப் பசையின் ஆவியும் தீப்பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மரத்தோடு மரம் சேர்க்க, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே நல்லது. தூசியைத் துடைத்து, மெலிசாகத் தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டுடுங்க. வழிந்ததை ஈரத்துணியால் துடைங்க. ஈரம் படுற பொருளுக்கு, தண்ணீர் தாங்கும் வகையான்னு டப்பாவில் பார்த்து வாங்குங்க.

ரப்பர் பசை தேவைப்பட்டால் சன்னல், கதவைத் திறந்து வையுங்க. அடுப்பு, விளக்கு கிட்ட வேண்டாம். பிள்ளைகளையும் அண்ட விடாதீங்க. நொடியில் ஒட்டுற பசை விரலில் ஒட்டிக்கிட்டால் பிய்த்து இழுக்காதீங்க. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்க. கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு நாள் தாமதமாக விற்றால் நஷ்டமில்லை. நம்ம உயிர் போனால் திரும்ப வராது.