தேயிலைக் கழிவிலும் செல்வம் உண்டு



பால்மரத் தோட்டத்தில் நாம் எதனையும் வீணாக்குவதில்லை. மங்கில் உறைந்த கட்டிப்பாலையும், வெட்டுப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலையும் சேகரித்து நிறுவைக்குக் கொண்டு செல்கிறோம். தேயிலைத் தொழிலிலும் கழிவுக்கு இத்தகைய பயன் உண்டு.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் தோற்றுவித்தார். மலைச்சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்து ஆலையில் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலிக்கப்படுகிறது. சலிக்கும்போது தண்டும் நாரும் பஞ்சு போன்ற தூசியும் ஒதுங்குகின்றன. இவை நல்ல தேநீருக்கு உதவா. ஆயினும் கொழுந்தில் உள்ள கஃபீன் என்னும் பொருள் இக்கழிவிலும் எஞ்சி நிற்கிறது.

தேநீர் பருகியதும் நம் சோர்வை அகற்றுவது இந்தக் கஃபீனே. 1819ஆம் ஆண்டில் ரூங்க என்னும் ஜெர்மானிய வேதியியலார் இதனைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் குளிர்பானங்களிலும் இது சேர்க்கப்படுகிறது.

இதனைப் பிரித்தெடுக்கும் முறை யாது? கழிவை வெந்நீரில் ஊறவைத்தால் கஃபீன் நீரில் கரைகிறது. சுண்ணாம்பு சேர்த்தால் துவர்ப்புப் பொருள்கள் பிரிந்துவிடுகின்றன. பின்னர், நீருடன் கலவாத கரைப்பான் ஒன்று கஃபீனைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. கரைப்பானை ஆவியாக்கித் தூய்மைப்படுத்தினால், ஊசி போன்ற வெண்ணிறப் படிகங்கள் கிடைக்கின்றன. கரைப்பான்களின் ஆவி தீங்கு விளைவிக்கக் கூடியது. ஆதலின் இது வீட்டில் செய்யத்தக்க தொழிலன்று.

இந்தியாவில் தேயிலைக் கழிவிலிருந்து கஃபீன் எடுக்கும் தொழில் நடைபெறுகிறது. ஆனால் அதே கழிவுக்குச் சாயமேற்றி, நல்ல தூளென விற்போரும் உளர். இவ்வகைக் கேட்டைத் தடுக்க இந்திய அரசு 1959ஆம் ஆண்டில் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்து, உரிமமின்றிக் கழிவை வாங்கவும் விற்கவும் தடை விதித்தது.

மலிவான தூளை நாடுவோர் பெரும்பாலும் ஏழைகளே. ஆகவே நாமும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வெள்ளை வடிதாளில் சிறிது தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பின் தூளை அகற்றித் தாளைக் கழுவிப் பாருங்கள். சாயக்கறை படிந்திருப்பின், அத்தூளை ஐயுற வேண்டும்.

ஆரஞ்சுத் தோலிலிருந்து பழப்பாகை உறையச் செய்யும் பெக்டினும், அன்னாசித் தண்டிலிருந்து இறைச்சியை மென்மையாக்கும் புரோமலெய்னும் எடுக்கப்படுகின்றன. கழிவு உரிய ஆலைக்குச் சென்றால் மருந்தாகும். மண்ணுக்குச் சென்றால் உரமாகும். வஞ்சகர் கைக்குச் சென்றால் நம் கோப்பைக்கே கேடாய்த் திரும்பும். இதனை நம் இல்லத்தாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்போமாக.