பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன்னா காரணம் கேளுங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பத்தி நிறையப் பேர் பேசிட்டாங்க. நான் நம்ம பிள்ளைங்களைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ராத்திரி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு படிச்ச பட்டியல் சாதிப் பையன். கூடப் படிச்ச வேற சாதிப் பையன்கள் அவனைச் சாதி சொல்லித் தொந்தரவு பண்ணியிருக்காங்க. அவன் பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டான். ஏன் வரலைன்னு விசாரிச்சப்பதான் விஷயம் வெளியே வந்தது. புகார் எழுதிக் கொடுத்தான். அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குள்ள புகுந்து அரிவாளால் வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு.

அந்தப் பையன் ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆனாலும் படிப்பை விடலை. 2024 மே மாசம் ரிசல்ட் வந்தப்போ 600-க்கு 469 மார்க். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

வெட்டினவங்க என்ன ஆனாங்க? அவங்களும் 18 வயசு ஆகாத பிள்ளைங்கதான். கைதாகி, கூர்நோக்கு இல்லத்துக்குப் போனாங்க. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு. புத்தகம் பிடிக்க வேண்டிய வயசுல கோர்ட்டு வாசல். சின்னப் பையன்தானே, விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. 2015-ஆம் வருஷச் சட்டப்படி, 16 வயசு முடிஞ்ச பையன் கொடூரக் குற்றம் செஞ்சா, இளைஞர் நீதிக் குழுமம் விசாரிச்சுப் பார்த்து, பெரியவங்களை மாதிரியே வழக்கு நடத்தச் சொல்ல முடியும்.

வெட்டுப்பட்ட பிள்ளைக்கும் அம்மா இருக்கா, வெட்டின பிள்ளைக்கும் அம்மா இருக்கா. ரெண்டு பேருக்கும் அன்னையிலிருந்து தூக்கம் இல்லை.

இதுக்கப்புறம் அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களை விசாரிக்கச் சொன்னது. 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டுற கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்கூடத்தில் கூடாதுன்னு சொன்னார். நல்ல விஷயம். ஆனா கையில கட்டின கயிறை வாத்தியார் அவிழ்த்துடலாம். மனசுல கட்டினதை யார் அவிழ்க்கிறது? அதை வீட்டுலதான் கட்டுறோம். "அவங்க வீட்டுல தண்ணி குடிக்காதே", "அவனோட சேராதே"ன்னு நாம சொல்றதைத்தான் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகுது.

நம்ம பிள்ளைங்க மேல்படிப்புக்குச் சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல்னு கீழே இறங்குது. "மலைக்காரன்"னு யாராவது கேலி பண்ணினா அது எப்படி வலிக்கும்னு நமக்குத் தெரியும். அதே வலியை நம்ம பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

அதனால மூணு விஷயம் கேட்டுக்கறேன். பிள்ளை ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னா அடிக்காதீங்க, பக்கத்துல உட்கார்ந்து காரணம் கேளுங்க. தொந்தரவுன்னா பள்ளிக்கூடத்துல சொல்லுங்க. தனியாப் போகப் பயமா இருந்தா குழுவுல நாலு பேர் கூட வருவோம். 1098-க்கோ, பள்ளிக் கல்வித் துறையோட 14417-க்கோ போன் பண்ணலாம், காசு கிடையாது. நம்ம பிள்ளை மேல புகார் வந்தாலும் மறைக்காதீங்க. அன்னைக்கே கண்டிச்சா அது கோர்ட்டு வரைக்கும் போகாது.

மாசக் கூட்டத்துல சேமிப்புக் கணக்கு முடிஞ்சதும் பத்து நிமிஷம் பிள்ளைங்களைப் பத்திப் பேசணும்னு தீர்மான நோட்டுல எழுதுவோம். கடன் தவணை தவறினா உடனே கேக்கற நாம, பிள்ளை முகம் வாடினாலும் கேக்கணும்.