இறங்கும் இடத்தை அகலமாக வையுங்கள்



கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளே, நீங்கள் கடந்து வந்த ஆண்டுகளை இந்த ஊர் நன்றாகவே பார்த்திருக்கிறது. இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, செமஸ்டர், அரியர். அவற்றுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் கையில் போன். சாயங்காலம் குளத்துப் படிக்கட்டில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. "மக்கா, பின்னால ஆளு வாரான்", "லேய், என்ன ரிவைவ் பண்ணு" என்ற சத்தம் மட்டும் கேட்கும். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தபோது நீங்கள் பள்ளிப் பிள்ளைகள். அதன் இடத்தில் பி.ஜி.எம்.ஐ. வந்தது, 2022-ல் அதுவும் முடங்கியது, 2023-ல் திரும்பி வந்தது. உங்கள் விளையாட்டு ஓயவில்லை.

இதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்தப் படிக்கட்டில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆட்டம் தோற்றதும் நீங்கள் ரீப்ளே போட்டுப் பார்க்கிறீர்கள். எந்த வீட்டு மாடியில் நின்றோம், எந்த நொடியில் வெளியே தலைகாட்டினோம், தோட்டா எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே கண்டுபிடிக்கிறீர்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த மாடியில் நிற்பதில்லை. இதை உங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. ஆனால் ஒரு தாளில் 36 மார்க் வாங்கியபோது விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, மீதி மார்க் எங்கே போனது என்று பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? பெரும்பாலானவர்கள் அதை வீட்டில் சொல்லாமல் மறைத்திருப்பீர்கள். விளையாட்டில் வராத வெட்கம் படிப்பில் வந்துவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வெட்கப்படாமல் தோல்வியைப் பிரித்துப் பார்த்த மனிதர்கள் நம் ஊருக்கு அந்நியர்கள் அல்ல. சரக்கல்விளையில் விவசாயி வீட்டில் பிறந்த சிவன், ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் முடித்தவர். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்து பி.எஸ்.எல்.வி. திட்டத்தில் வேலை பார்த்தார். ராக்கெட் மேலே போகும் முன் அதன் பாதையைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் 'சித்தாரா' மென்பொருளை வடிவமைத்ததில் முதன்மையானவர் அவர்தான். அது கணக்கிடுவது ராக்கெட்டின் முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று நகர்வுகள், மூன்று அச்சுகளைச் சுற்றிய மூன்று சுழற்சிகள், ஆக ஆறு. உங்கள் விளையாட்டில் ஒரு விமானம் சாய்ந்து திரும்பும்போதும் உள்ளே இந்த ஆறு கணக்குதான் ஓடுகிறது. விளையாட்டை உருவாக்கும் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், வகுப்பில் தூங்கிக் கழித்த மேட்ரிக்ஸ் பாடத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-ன் தரையிறங்கு கலம் நிலவில் இறங்கும்போது விழுந்தது. அப்போது இஸ்ரோவின் தலைவர் சிவன். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் விழுந்தது என்று ஆராய்ந்து காரணம் கண்டுபிடித்த தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நாராயணன். அவருக்கு ஊர் மேலக்காட்டுவிளை. இன்று அவரே இஸ்ரோவின் தலைவர். ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் இருவர், ஒரே தோல்வியின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

அந்தக் காரணத்தை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின. பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இறங்கக் குறித்திருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். தரையை நெருங்கிவிட்ட பிறகும் அந்தச் சின்னச் சதுரத்தை எட்டிப்பிடிக்க விண்கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. அடுத்த முறை எதெது தவறாகப் போகக்கூடும் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் இடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

உங்களில் பலருடைய எதிர்காலத் திட்டம் இன்று அந்த 500 மீட்டர் சதுரமாக இருக்கிறது. 2025 ஜூலையில் அரசு வேலைக்காக நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 14 லட்சம் பேர். தேர்வு எழுதுங்கள், முழு மூச்சாகப் படியுங்கள். ஆனால் அது ஒன்றுதான் வாழ்க்கை என்று வைத்துக்கொண்டு 21 வயதிலிருந்து 29 வயதுவரை அறைக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அங்குள்ள நல்லது கெட்டதை அவர்களிடம் கேளுங்கள். சிறிய வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படிப்பது யாருக்கும் இழுக்கு அல்ல.

பெற்றோரே, எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே முதலிடம் உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. அந்தப் பெருமையின் பாரம் முழுவதையும் ஒரே ஒரு ரிசல்ட்டின்மேல் இறக்கி வைக்காதீர்கள். பிள்ளை அரைமணி நேரம் விளையாடினால் எதிர்காலம் போய்விடாது. எப்போது கவலைப்படவேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் அடையாளம் சொல்லியிருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் அது தள்ளிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இவை மாதக்கணக்கில் நீடித்தால் திட்டாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. காசு கட்டி ஆடும் ரம்மியும் பந்தயமும் விளையாட்டு அல்ல. தமிழ்நாடு 2022-லேயே அவற்றுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் புதுப்புதுப் பெயரில் லிங்க் வரும், தொடாதீர்கள். இந்த மண்டபத்தில் யாராவது ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால், கடன் ஆப்பில் மாட்டியிருந்தால், இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்பா கோபப்படுவார், அம்மா அழுவாள், ஆனாலும் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லையென்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.