ஒழுகும் கூரையும் ஓடும் வீடும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாம் இன்று ஒழுக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஜூன் 11 அளவில் பருவமழை இந்நகரில் இறங்கும்போது நம்முள் பலர் சிரிப்பதில்லை. தாராவியில் தகரக் கூரையின்கீழ் வாழ்வோரும், மாதுங்காவில் பழங்கட்டடத்தின் மேல்மாடியில் இருப்போரும், செம்பூர்க் காலனிகளில் குடியிருப்போரும், எந்த மூலைக்கு வாளி, எந்த மூலைக்கு அண்டா என்பதை மனப்பாடமாய் அறிவர். நாம் புலவர் அல்லோம். மெட்ரிக் வரை படித்து ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். ஆகவே பட்டறிந்த ஒன்றை மட்டும் கூறுவோம்.

ரயில்வேயில் முகாம் பெட்டி என்று ஒன்று உண்டு. பயணிகள் வண்டியிலிருந்து விலக்கப்பெற்ற பழைய பெட்டியின் உட்புறத்தை மாற்றி, படுக்கையும் அடுப்படியும் அமைத்து, இருப்புப்பாதையில் வேலை செய்வோர் தங்குவதற்குக் கொடுப்பர். இம்மாதம் ஒரு நிலையத்தின் பக்கப்பாதையில் நிற்கும். அடுத்த மாதம் வேறோர் ஊரில் நிற்கும். மேனாட்டார் மோட்டார் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகின்றனர். மகாராஷ்டிர அரசும் 2021-இல் அத்தகைய வண்டிகளுக்கென ஒரு சுற்றுலாக் கொள்கை வகுத்தது. நம் முகாம் பெட்டி அவற்றுக்கெல்லாம் பெரியப்பா முறை. வயதானால் இரண்டுக்கும் வரும் நோய் ஒன்றே: கூரை ஒழுகும்.

சில ஆண்டுகளுக்கு முன், வருகைப் பதிவேடு எழுதுவதற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் அத்தகைய பெட்டியில் தங்க நேர்ந்தது. மேசைக்கு மேலிருந்த விளக்கினடியில் ஒரு சொட்டு. நாம் எம்-சீல் வாங்கிப் பிசைந்து, சொட்டிய துளையை உள்ளிருந்தபடியே அடைத்துவிட்டுப் பெருமையோடு உறங்கினோம். இரண்டு நாள் சொட்டவில்லை. மூன்றாம் நாள் இரவு, நீர் வேறு வழி கண்டு, பலகையின் இடுக்கு வழியாக ஏடு வைத்திருந்த அலமாரிக்குள் இறங்கிவிட்டது. இருபத்திரண்டு பேருடைய வருகை நீல மையாய்க் கரைந்து போயிற்று. அவர்களுடைய வெளியூர்ப் படி அந்த ஏட்டை நம்பியிருந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு மீண்டும் எழுதினோம். ஒருவருக்கு மட்டும் ஒருநாள் குறைந்துபோயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் எதிரில் வந்தால் நம்மால்தான் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

மறுநாள் திருநெல்வேலிப் பக்கத்து முதிய ஃபிட்டர் ஒருவர் வந்து பார்த்தார். “தம்பி, தண்ணி வெளிய வர்ற வழிய அடைச்சிட்டீரு. உள்ள போற வழி மேல அப்படியேல்லா கெடக்கு!” என்றார். நாம் சொல்ல வந்ததனைத்தும் அந்த ஒரு வாக்கில் அடங்கும்.

அவர் எடுத்த எடுப்பில் கூரை மீது ஏறவில்லை. “மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறதா?” என்றுதான் முதலில் கேட்டார். பெட்டியின் தலைமேல் தண்ணீர்த் தொட்டி உண்டு, குழாய் உண்டு. வெயில் நாளிலும் சொட்டினால் குற்றம் மழையினுடையது அன்று. மாதுங்கா அன்பர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவைக் கூரைக் கசிவென்று எண்ணி, மொட்டைமாடி முழுவதும் பூச்சுப் பூசிச் செலவழித்தோர் உளர்.

மழை விட்டுப் பெட்டி நன்கு காய்ந்ததும், ரப்பர்க் குழாயால் நீர் விட்டுச் சோதித்தார். கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஓரிடம் மட்டும். முதலில் சன்னல் விளிம்பு, பிறகு பக்கவாட்டு நீர்த்தாரை, பிறகு கூரைத் தகட்டின் இணைப்பு, கடைசியில் காற்றுப்போக்கி. ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடம். உள்ளே நாம் டார்ச் விளக்கும் சாக்குக்கட்டியுமாக நின்றோம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்து, எது கள்ளன் என்று தெரியாமல் போகும். காற்றுப்போக்கியில் நீர் பட்ட சிறிது நேரத்தில் விளக்கினடியில் சொட்டு விழுந்தது. இரண்டிற்கும் இடையே இரண்டு சன்னல் தூரம்! பெட்டி நின்ற பாதை ஒருபுறம் தாழ்ந்திருந்தது. வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவே நுழைந்த நீர், தாழ்ந்த பக்கம் ஓடி, ஆணித்துளை கண்ட இடத்தில் இறங்கியிருக்கிறது.

நீர் விட்டுச் சோதிப்பது அவர் கண்டுபிடித்த வித்தை அன்று. 1955-இல் தொடங்கிய பெரம்பூர்த் தொழிற்சாலையில் புதுப் பெட்டியின் மேல் மழைபோல் நீர் பொழிந்து பார்ப்பர். 1915 முதல் நம் மாதுங்காவிலேயே இயங்கிவரும் ரயில்வே பணிமனைக்காரரைக் கேட்டாலும் ஒழுக்கின் கதை ஆயிரம் சொல்வர். மேனாட்டு மோட்டார் வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் செய்வர்: ஊதுவிசிறி வைத்து உள்ளே காற்றைச் செலுத்தி, வெளியே சோப்பு நீர் தடவுவர். குமிழி எழும் இடமே ஓட்டை.

அடைப்பதிலும் அவர் அவசரப்படவில்லை. காற்றுப்போக்கியைக் கழற்றியபோது, அதன் விளிம்பில் தார், அதன்மேல் பெயின்ட், அதன்மேல் சிலிகான் என்று பலர் செய்த அரைவேலை அடுக்கடுக்காய் இருந்தது. பழைய சிலிகான்மீது புதிய சிலிகானும் சரிவர ஒட்டாது. அனைத்தையும் சுரண்டி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரைமர் பூசி உலரவிட்டார். பின்னர் விளிம்பின் அடியிலேயே பசையை இட்டு, அதன்மேல் திருகி இறுக்கினார். பிதுங்கிய பசையை ஓரமாக வழித்துவிட்டார். உலர்ந்தபின் மறுபடியும் பத்து நிமிடம் நீர் விட்டார். சொட்டவில்லை.

தாராவியில் நம் தாயார் இருக்கும் வீட்டிலும் இதே கதைதான். பத்தடிக்குப் பதினைந்தடி. 2005 சூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தனையும் அந்தக் கூரைமேல் விழுந்திருந்தால் சுமார் 13,000 லிட்டர் என்று எழுத்தர் புத்தியால் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆண்டுதோறும் நீலத் தாட்பத்ரி வாங்கி மூடுவோம். அது தைமாதத்திற்குள் கிழியும். அதனடியில் தங்கும் ஈரம் தகரத்தையும் அரிக்கும். ஒருநாள் பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தோம். ஊசிமுனை போல் வெளிச்சம் ஏழு இடங்களில். ஏழும் போல்ட் துளைகள். வாஷர் இறுகி வெடித்திருந்தது. வாஷர்களை மாற்றினோம். தகடு மேல் தகடு ஏறும் இடத்தில் 150 மில்லிமீட்டராவது வேண்டும். நம் வீட்டில் மூன்று விரல்கூட இல்லை; அதனையும் இழுத்துச் சரிசெய்தோம். “எல்லாம் இடித்துக் கட்டப்போகிறார்களாமே, இப்போது ஏன் வீண் செலவு?” என்றார் அண்டை வீட்டார். கட்டும்போது கட்டட்டும், மழை அதுவரை காத்திராது.

இரண்டு எச்சரிக்கை. மின்பெட்டியருகே ஒழுகினால் முதலில் மெயினை அணையுங்கள். தகரச் சுவர் நனைந்தால் மின்சாரம் சுவரெங்கும் பாயக்கூடும். நம் தாயார் அச்சுவரில்தான் சாய்ந்து உட்காருவார் என்பது நினைவுக்கு வந்தபின் நமக்கு அன்றிரவு உறக்கமில்லை. அடுத்தது, பழைய கல்நார் சிமெண்டு தகட்டின்மேல் காலூன்றாதீர்கள், சொல்லாமல் உடையும். அதனைத் துளைப்பதும் தேய்ப்பதும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பகை.

மே மாத ஞாயிறுகளில் நம்மிடம் ஏணியும் முப்பதடி ரப்பர்க் குழாயும் சும்மா கிடக்கும். வேண்டுவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் வரிசைப்படி வருகிறோம். உள்ளே டார்ச் பிடிக்க வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும்.